மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை: மூன்று நாள் வாகனப் பயணத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

மட்டக்களப்பு நகரிலிருந்து காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பொத்துவிலுக்கு ஏ4 வீதியில் ஏறத்தாழ 105 கிலோமீற்றர். நல்ல வீதி. வழி தவற இடமே இல்லை. கல்லடிப் பாலம் ஏறினால் நேரே தெற்குதான்.

ஆனாலும் வெளியூரிலிருந்து வருபவர்கள் இந்த வழியில் திரும்பத் திரும்பத் தடுமாறுவதைப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை நண்பகலில் காத்தான்குடியில் சாப்பாட்டுக் கடை தேடுகிறார்கள். ஒரு ஊரில் கேட்ட கதையை அடுத்த ஊர் தேநீர்க் கடையில் போய் ஒப்புவிக்கிறார்கள். இருட்டிய பிறகு, பொத்துவிலுக்குத் தெற்கே பாணமை வீதியில் யானைக்கு முன்னால் நிற்கிறார்கள். எல்லாமே ஒழுங்கு தவறியதால் வருபவை. எதை எந்த நாளில், எந்த நேரத்தில், எதற்கு முன் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும், கொழும்பிலிருந்து வந்தாலும், தமிழ்நாட்டிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்தாலும் இதே ஒழுங்கு பொருந்தும்.

1. முதலில் நாள், அப்புறம் வாகனம்

பெரும்பாலானோர் வேனைப் பேசி, அறையைப் பதிந்து, கடைசியில்தான் கலண்டரைப் பார்க்கிறார்கள். இந்தக் கரையில் அது தலைகீழ். இங்கே தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் அடுத்தடுத்து வருவதால் ஒவ்வொரு நாளும் ஏதோ ஓர் ஊருக்கு விசேட நாள்.

முதலில் வெள்ளிக்கிழமையைத் தள்ளுங்கள். முஸ்லிம் ஊர்களில் ஜும்ஆ எனும் வெள்ளி நண்பகல் தொழுகைக்காகப் பதினொன்றரை மணியளவில் கடைகள் பூட்டத் தொடங்கும். இரண்டு மணி வரை தெரு உறங்கிக் கிடக்கும். தெற்கே இறங்கும் நாள் வெள்ளியாக இருந்தால் காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எல்லாவற்றையும் பூட்டிய கதவுகளாகத்தான் பார்ப்பீர்கள். சனியும் ஞாயிறும் நல்லவை. பாடசாலை நெரிசலும் இருக்காது.

நோன்பு மாதத்தில் வரக்கூடாது என்றில்லை. ஆனால் பகல் சாப்பாட்டைத் தமிழ் ஊர்களில் வைத்துக்கொள்ள வேண்டும்: களுவாஞ்சிகுடி, காரைதீவு, திருக்கோவில். முஸ்லிம் ஊர்களில் வீதியில் நின்று தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் குடிப்பதைத் தவிருங்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அதற்காகச் செய்யலாம் என்றாகிவிடாது. நோன்பு திறந்த பிறகு காத்தான்குடியும் சாய்ந்தமருதும் விடிய விடிய விழித்திருக்கும். அதைப் பார்க்க விரும்புபவர்கள் அந்த மாதத்தையே தெரிவு செய்யலாம்.

பௌர்ணமி நாளில் நாடு முழுக்க மதுக்கடைகளும் இறைச்சிக் கடைகளும் பூட்டு. தீகவாபி விகாரைக்கு அன்று கூட்டம் வரும். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குகள் தமிழ் ஊர்களில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். சடங்கு முடியும் குளிர்த்தி இரவில் காரைதீவையோ தம்பிலுவிலையோ வாகனத்தில் கடப்பது இலேசல்ல. ஜூன், ஜூலையில் கதிர்காமப் பாதயாத்திரை இதே வீதியால் போகிறது. வீதியோரம் நடப்பவர்களைப் பார்த்து ஓட்ட வேண்டும்.

மழைக்காலம் வேறு கதை. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. ஏ4 வீதி பெரும்பாலும் தாங்கும், ஆனால் மேற்கே பிரியும் தாம்போதிகள் (வெள்ளம் மேலால் ஓடும் தாழ்ந்த வீதித் துண்டுகள்) தாங்கா. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் இழுபட்டுப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். இந்த மாதங்களில் வருவதானால் 10ஆம் பிரிவில் சொல்லும் அம்பாறை வழியை முழுதாக விட்டுவிடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், பெப்ரவரி முதல் செப்டம்பர் வரை, நோன்பையும் பெரிய சடங்குகளையும் பார்த்து, வியாழன் அல்லது வெள்ளி மட்டக்களப்பு வந்திறங்கி, சனி தெற்கே போவது எல்லாருக்கும் வசதி.

2. நினைவு நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

இதைத் தனியாக எழுதக் காரணம், அந்த நாளில் வருவதா தவிர்ப்பதா என்பது உங்கள் முடிவு. தெரியாமல் வந்து மாட்டுவதுதான் கூடாது.

1990 ஓகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே ஓகஸ்ட் 11 இரவும் 12 அதிகாலையும் ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 12 அன்றே, சம்மாந்துறைக்குப் பக்கத்து வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 5 அன்று வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்த 158 பேரை இராணுவம் கொண்டுபோனது, அவர்கள் திரும்பவில்லை. செப்டம்பர் 9 அன்று சத்துருக்கொண்டானில் 180க்கு மேற்பட்ட தமிழர்கள், பெண்களும் குழந்தைகளுமாக, இராணுவத்தால் கொல்லப்பட்டார்கள்.

இவை எல்லாம் ஆறு வாரத்துக்குள் நடந்தவை. ஓகஸ்ட் 12 அன்று ஏறாவூரிலும் வீரமுனையிலும் ஒரே நாளில் இரண்டு சமூகங்கள் தனித்தனியே தம் ஆட்களை நினைக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு வருபவர் பேசும் விதமே வேறாக இருக்கும்.

இவற்றோடு டிசம்பர் 26 சுனாமி நாள், 2019இல் மட்டக்களப்பு நகரின் சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த ஏப்ரல் 21, போர் முடிவில் இறந்தவர்களை நினைக்கும் மே 18, புலிகளின் மாவீரர் நாளான நவம்பர் 27. கடைசி இரண்டிலும் பொலிஸ், புலனாய்வு நடமாட்டம் கூடும். நவம்பர் 27 அன்று தாண்டியடி, மாவடிமுன்மாரி, தரவை, கஞ்சிகுடிச்சாறு துயிலுமில்லங்களுக்கு (புலிப் போராளிகளின் கல்லறை நிலங்கள்) போவது உங்கள் விருப்பம். ஆனால் வாகன இலக்கம் குறிக்கப்படலாம், விசாரிக்கப்படலாம் என்று தெரிந்து போங்கள். வாடகை வேனில் போவதானால் சாரதியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

3. வாகனமும் சாரதியும்

சொந்தமாக ஓட்டத் தெரிந்தாலும் முதல் தடவை உள்ளூர்ச் சாரதியை வைத்துக்கொள்ளுங்கள். வீதி கடினம் என்பதற்காகச் சொல்லவில்லை. எந்தக் கடைக்கு முன் நிறுத்தலாம், எந்த ஒழுங்கைக்குள் போகக்கூடாது, இன்றைக்குக் கல்முனையில் ஏதும் ஆர்ப்பாட்டமா என்பதெல்லாம் அவருக்குத் தொலைபேசியில் இரண்டு நிமிட வேலை.

சாரதி தமிழரா முஸ்லிமா என்று சிலர் தயங்கிக் கேட்பார்கள். இருவரும் எல்லா ஊருக்கும் போகிறார்கள், வருகிறார்கள். முக்கியமான கேள்வி வேறு: அவர் அக்கரைப்பற்றுக்குத் தெற்கே ஓட்டிப் பழகியவரா? மட்டக்களப்பு நகரச் சாரதிகளில் சிலருக்குக் கோமாரிக்கு அப்பால் பழக்கமில்லை.

நீங்களே ஓட்டுவதானால் வெளிநாட்டு லைசன் மட்டும் போதாது; இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதியை முதலே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்களுக்குள் வேகம் 50, வெளியே 70. இந்த வீதியில் ஊர்தான் அதிகம், வெளி குறைவு. மாடுகள் வீதியின் நடுவில் படுத்து அசை போடும். ஹோன் அடித்தால் எழும்பும் என்று நம்ப வேண்டாம்.

4. கையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டின் அசல். வாகன வரி அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும். சில்லறைக் காசு. பெண்களுக்குத் தலையையும் தோளையும் மூடக்கூடிய ஒரு துப்பட்டா. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் அதுவே போதும். ஆண்கள் அரைக் காற்சட்டையைப் பொத்துவிலுக்குப் பக்கத்துக் கடற்கரையான அறுகம்பையில் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், அதுவரை பைக்குள் இருக்கட்டும்.

வண்டிக்குள் மதுப்போத்தல் வேண்டாம். காத்தான்குடியில் நிறுத்தும்போது பின் சீட்டில் போத்தல் தெரிந்தால், அன்றைக்கு உங்களோடு யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். மாட்டிறைச்சி ரொட்டியைக் கோயில் வீதிக்குக் கொண்டு போகாததும் அதே கணக்குத்தான். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கொத்து சொல்லும்போது கோழியா மாடா என்று வாய்விட்டுக் கேளுங்கள்; கடைக்காரர் தப்பாக எடுக்க மாட்டார்.

ஆபத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

5. புறப்படுமுன்: பேச்சுப் பழக்கம்

இதை வண்டி ஏறுமுன் படித்துவிடுங்கள். பாதித் தடுமாற்றம் இங்கேதான்.

முஸ்லிம் ஊரில் கடைக்காரரை ‘நானா’ என்று கூப்பிட்டால் எங்கும் சரி. வயதானவர், ஹஜ் செய்தவர் என்றால் ‘ஹாஜியார்’. ‘காக்கா’ அவர்களுக்குள் அன்பான அழைப்புத்தான். வெளியூர்த் தமிழர் வாயில் வரும்போது கேலியாகவும் கேட்கும், அதனால் பழகும்வரை வேண்டாம். தமிழ் ஊர்களில் ஐயா, அம்மா, அண்ணன், அக்கா போதும்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்யும் பிழை ஒன்று உண்டு. இனிய தமிழைக் கேட்டதும் ‘நீங்களும் தமிழர்தானே’ என்று சொல்லிவிடுவது. இலங்கை முஸ்லிம்கள் தமிழ் பேசினாலும் தங்களைத் தனி இனமாகவே கொள்கிறார்கள். 1990க்குப் பிறகு அந்த வாக்கியம் இன்னும் கனமாகிவிட்டது. தமிழ் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், முகம் மலரும்.

அடுத்தது, கேள்வியின் ஒழுங்கு. உட்கார்ந்த உடனே ‘1990இல் இங்கே என்ன நடந்தது’ என்று தொடங்காதீர்கள். கேட்கப்படுபவர் அந்த இரவில் யாரை இழந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. ஊர், தொழில், பிள்ளைகள், இந்த வருட வெள்ளாமை என்று பேச்சு போகட்டும். அவருக்குச் சொல்ல இருந்தால் அவரே அங்கே வருவார். வராவிட்டால் விடுங்கள்.

அவர் சொல்லத் தொடங்கினால் மூன்றைத் தவிருங்கள். எண்ணிக்கையில் திருத்தம் சொல்வது. ‘அந்தப் பக்கமும் நடந்ததே’ என்று உடனே சமன் செய்வது. கேட்டதை அடுத்த ஊரில் பெயரோடு சொல்வது. கடைசியானது ஆளுக்கே தொந்தரவாக முடியும்; ஊர்கள் அவ்வளவு பக்கம் பக்கம். காத்தான்குடியில் பேசியது ஆரையம்பதிக்குப் போய்ச்சேர உங்கள் வண்டியைவிடக் குறைந்த நேரம் போதும்.

6. முதல் நாள்: வடக்கே அரை நாள்

எல்லாருக்கும் நேரே தெற்கே இறங்கத்தான் அவசரம். அதற்கு முன் ஒரு காலைப் பொழுதை வடக்கே, திருகோணமலை வீதியில் செலவழியுங்கள். சத்துருக்கொண்டான், ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை என்று இதே ஒழுங்கில் வரும். தூரம் குறைவு, மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சிறு தூரத்துக்குள் தமிழர் இழப்பும் முஸ்லிம்கள் இழப்பும் மாறி மாறி வருகின்றன. இரண்டையும் கேட்ட காதோடு தெற்கே போனால் அங்கே கேட்பதை நிதானமாக வாங்கிக்கொள்ளலாம். ஒரு பக்கத்துக் கதையை மட்டும் சுமந்து போகிறவர்கள் மறுநாள் முழுக்க அதற்குச் சாட்சி தேடிக்கொண்டுதான் போகிறார்கள்.

சத்துருக்கொண்டானில் நினைவுத்தூபி இருக்கிறது. ஐந்து நிமிடம் நில்லுங்கள், பக்கத்து வீடுகளைத் தட்டிக் கேட்க வேண்டாம். ஏறாவூரில் கடைத்தெருவில் இறங்கித் தேநீர் குடியுங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குள் போக வாசலில் அனுமதி கேட்க வேண்டும். இல்லை என்றால் வெளியிலிருந்தே திரும்பலாம்.

பின்னேரம் நகருக்குள். கோட்டை, வாவிக்கரை, மாமாங்கேஸ்வரர் கோயில். சியோன் தேவாலயப் பக்கம் போவதானால் ஞாயிறு ஆராதனை நேரத்தை விட்டுவிடுங்கள். இரவு நகரிலேயே தங்குங்கள்.

7. இரண்டாம் நாள் காலை: கல்லடியிலிருந்து பெரியநீலாவணை வரை

எட்டரைக்குப் புறப்படுங்கள். விடிய ஐந்து மணிக்கே கிளம்பினால் வேளைக்குப் போய்ச்சேரலாம் என்று நினைப்பார்கள். சேரலாம், ஆனால் கடைகளும் பள்ளிவாசல் அலுவலகமும் திறந்திருக்காது. ஏழு முதல் எட்டு வரை கிழமை நாட்களில் பாடசாலைப் பிள்ளைகளால் கல்லடி நிறைந்துவிடும். எட்டரை இரண்டுக்கும் நடுவில் வசதியான நேரம்.

கல்லடியில் 2013இல் திறந்த புதுப் பாலத்துக்குப் பக்கத்தில் பழைய இரும்புப் பாலம் இன்னும் நிற்கிறது. வண்டியை ஓரமாக விட்டு அதில் நடந்து பாருங்கள். சுவாமி விபுலாநந்தரின் சமாதியும் கல்லடியில்தான்.

ஒன்பது மணிக்குக் காத்தான்குடி. வீதி நடுவே பேரீச்சை மரங்கள் தொடங்கும் இடத்திலிருந்து ஊர். சுபஹு (விடியல்) தொழுகைக்கும் லுஹர் (நண்பகல்) தொழுகைக்கும் இடைப்பட்ட இந்த நேரத்தில்தான் பள்ளிவாசலில் ஆள் குறைவு. மீரா ஜும்ஆப் பள்ளியில் சூட்டுத் தடயங்களைச் சுவரில் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே போகுமுன் அலுவலகத்தில் யார், எங்கிருந்து என்று சொல்லிக் கேளுங்கள். பெண்கள் எதுவரை வரலாம் என்பதையும் கேளுங்கள், அனுமானிக்க வேண்டாம். சுவரைத் தொடுவதோ அதன் முன் நின்று படம் எடுப்பதோ கூடாது. வெளியே வந்து மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டிக்குள் கையோடு கையாகப் போய்விடும்.

2019 ஏப்ரல் தாக்குதலின் சூத்திரதாரி இந்த ஊர்க்காரர் என்பதால் அதைப் பற்றி விசாரிக்கும் ஆசை பலருக்கு வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு ஆளின் செயலுக்காக ஊர் முழுக்க வருடக்கணக்காகச் சந்தேகப் பார்வையைச் சுமந்தது. நீங்களும் அதே பார்வையோடு வந்து நிற்கத் தேவையில்லை.

பேரீச்சை மரங்கள் முடிந்ததும் ஆரையம்பதி. எல்லை என்று ஒன்றும் தெரியாது; கடைப் பெயர்கள் மாறும், கோபுரம் தெரியும், பெண்களின் உடை மாறும். அவ்வளவுதான். இந்த மாற்றத்தைப் பார்க்க வேகத்தைக் குறையுங்கள்.

அதன்பின் தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், தேத்தாத்தீவு, களுதாவளை என்று தமிழ் ஊர்கள். தோட்டக்காரர்கள் வீதியோரம் மரக்கறி விற்பார்கள். தயிர்ச்சட்டி வாங்க ஆசையென்றால் திரும்பும்போது வாங்குங்கள், இரண்டு நாள் வெயிலில் தாங்காது. களுவாஞ்சிகுடியில் பிளேன்டீ. கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு பாலங்களில் ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல், நடுவே ஊர் ஒரு நாடாபோல. 2004இல் இங்கே அலை எப்படி ஏறியிருக்கும் என்று யாரும் விளக்காமலே விளங்கும்.

8. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை

பெரியநீலாவணையில் அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது. இங்கிருந்து ஊர்கள் மாறும் வேகத்தைக் கவனியுங்கள்: பெரியநீலாவணை தமிழ், மருதமுனை முஸ்லிம், பாண்டிருப்பு தமிழ், கல்முனை இரண்டும், கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் மாளிகைக்காடும் முஸ்லிம், காரைதீவு தமிழ், நிந்தவூர் தொடக்கம் ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை முஸ்லிம், அக்கரைப்பற்று முஸ்லிம், அங்கே வீதிக்கு ஒரு பக்கம் தமிழ் ஆலையடிவேம்பு. மதிலோடு மதில் ஒட்டி இருக்கும் ஊர்கள் இவை.

மருதமுனையில் நெசவு. கைத்தறிச் சேலை, சாரம் வாங்குவதானால் வீதியோரக் கடையோடு நிற்காமல் தறி ஓடும் இடத்தைக் கேட்டுப் போங்கள். தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பவரிடம் விலை பேசுவது வேறு அனுபவம். பேரம் கொஞ்சம் பேசலாம், அறுக்கக் கூடாது.

பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில். தீமிதிப்புக் காலத்தில் வந்தால் வாகனத்தைத் தூரத்தில் விட வேண்டி வரும்.

கல்முனையில் அரசியல் பேச்சைத் தொடங்காதீர்கள். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவது தொடர்பாகத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பல வருட இழுபறி. 2019 ஜூனில் உண்ணாவிரதம்வரை போனது. சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டும் என்பது இன்னொரு இழுபறி. வெளியூர்க்காரர் ‘ஒற்றுமையாகப் போகலாமே’ என்று சொல்லுவது இரு பக்கத்துக்கும் எரிச்சல். வீட்டுப் பதிவு, காணி, சந்தை வருமானம் எந்தக் கந்தோருக்குப் போகிறது என்பது அன்றாட விஷயம். உபதேசத்தில் அது தீராது.

பன்னிரண்டரைக்குள் கல்முனையிலோ காரைதீவிலோ சாப்பாட்டுக்கு உட்காருங்கள். தொழுகை நேரமும், கிழமை நாளென்றால் ஒன்றரைக்குப் பாடசாலை விடும் நெரிசலும் சாப்பாட்டோடு கழிந்துவிடும். காரைதீவு விபுலாநந்தர் பிறந்த ஊர். கண்ணகை அம்மன் கோயிலும் இங்கே. இரண்டேகாலுக்கு மறுபடி வண்டி. அக்கரைப்பற்றில் பெற்றோல் நிரப்பி, ஏரிஎம்மில் காசும் எடுத்துவிடுங்கள். இதற்குப் பிறகு ஊர்கள் ஐதாகும்.

9. திருக்கோவில், பொத்துவில், பாணமை

திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் நண்பகலில் பூட்டியிருக்கும், அதனால்தான் நாலு மணிக்கு இங்கே வரும்படி நேரம் போட்டேன். கோயிலுக்குப் பின்னாலேயே கடல். நீந்த வேண்டாம், இழுவை கூட.

விநாயகபுரம் தாண்டிக் கோமாரிக்குப் போகும்போது வெளி விரியும். சங்கமன்கண்டிப் பக்கம்தான் இலங்கையின் கிழக்கு முனை. பொத்துவிலை ஆறு மணிக்கு முன் தொட்டுவிடுங்கள்.

தங்குவது பொத்துவில் ஊரிலா அறுகம்பையிலா? குடும்பமாக வந்தால் ஊருக்குள், அமைதி. அறுகம்பையில் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை வெளிநாட்டு அலைச்சறுக்கு ஆட்கள்; விலை ஏறும், சத்தமும் ஏறும். 2024 ஒக்டோபரில் தாக்குதல் அச்சுறுத்தல் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்ததிலிருந்து அங்கே சோதனை அதிகம் காணப்பட்டது. பொலிஸ் மறித்தால் இயந்திரத்தை நிறுத்தி, இரவென்றால் உள் விளக்கைப் போட்டு, கேட்டதற்கு மட்டும் பதில். எங்கிருந்து, எங்கே, எத்தனை பேர்: இவ்வளவுதான் பெரும்பாலும் கேட்பார்கள். கதை சொல்லத் தொடங்கினால்தான் நேரம் இழுபடும்.

பாணமையை மறுநாள் காலையில் பாருங்கள், மாலையில் வேண்டாம். யானை வீதிக்கு வரும். சிங்களக் கிராமம், பத்தினிக்குக் கோயில் இருக்கிறது. வரும் வழியெல்லாம் கண்ணகை அம்மனாகப் பார்த்தவளை இங்கே பத்தினித் தெய்யோவாகக் கும்பிடுகிறார்கள். நாலு சிங்களச் சொல் தெரிந்தால் உதவும். தமிழ் விளங்கும் பெரியவர்களும் உண்டு.

10. மூன்றாம் நாள்: அம்பாறை நகர் வழியாகத் திரும்புதல்

வந்த வழியே திரும்பினால் மாவட்டத்தின் பாதியைப் பார்க்காமலே போகிறீர்கள். அக்கரைப்பற்றுவரை வந்து, அங்கிருந்து அம்பாறை வீதியில் மேற்கே திரும்புங்கள்.

நுரைச்சோலையில், சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி நிதியில் கட்டிய 500 வீடுகளைப் பார்ப்பீர்கள். யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகும் வருடக்கணக்காகக் குடியேற்றம் இல்லாமல் காடு பிடித்தன. இந்த மாவட்டத்தில் சண்டை முக்கியமாகக் காணியில்தான் என்பதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. அப்பால் தீகவாபி; செருப்பைக் கழற்றி, வெள்ளை அல்லது மென்னிற உடையோடு போங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது குற்றமாகவே பார்க்கப்படும்.

அம்பாறை நகர் சிங்களப் பெரும்பான்மை. 1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத்தோடு வளர்ந்த நகர். 1956 ஜூனில் இந்தப் பள்ளத்தாக்கில் தமிழர்கள் தாக்கிக் கொல்லப்பட்டார்கள். 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. 2018 பெப்ரவரியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய பொய்க்கதையால் பள்ளிவாசல் தாக்கப்பட்டதும் இங்கேதான். நகரில் நிறுத்திச் சாப்பிடலாம், பயப்பட ஒன்றுமில்லை. நேரம் இருந்தால் இங்கினியாகலை அணைக்கட்டு. இருட்டுமுன் திரும்பிவிடுங்கள், அந்தப் பக்கமும் யானை.

அம்பாறையிலிருந்து காரைதீவு வீதியில் வந்தால் வீரமுனை, சம்மாந்துறை, மாவடிப்பள்ளி. வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் கொஞ்ச நேரம் இருங்கள். அங்கிருந்து சம்மாந்துறைக் கடைத்தெரு கூப்பிடு தூரம். முதல் நாள் ஏறாவூரில் நின்றவர்களுக்கு இந்த நிறுத்தம் அவசியம்.

11. படமும் பதிவும்

முகாம், சோதனை இடம், பொலிஸ் நிலையம், பாலத்துக் காவல்: படம் வேண்டாம். ட்ரோன் அனுமதியில்லாமல் பறக்க விடக்கூடாது. விளையாட்டுக்கு எடுத்தேன் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

ஆட்களைப் படமெடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். முஸ்லிம் ஊர்களில் பெண்களை எடுக்கவே வேண்டாம். ஒருவர் சொன்ன கதையை முகத்தோடும் ஊரோடும் முகநூலில் போடாதீர்கள். பயணம் முடிந்து வீடு போய், இரண்டு கிழமை கழித்து, பெயரில்லாமல் எழுதலாம். அதற்குள் எதைப் போடக்கூடாது என்பதும் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

12. வழி அடைபட்டால்

ஹர்த்தால் என்று காலையில் கேள்விப்பட்டால் புறப்படாதீர்கள். ‘தூரத்து வண்டியை விடுவார்கள்’ என்ற நம்பிக்கையில் கிளம்பி, எரியும் டயருக்கு முன்னால் பிள்ளைகளோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் வாடகை போனால் போகட்டும்.

இடையில் மாட்டினால், கல்முனைப் பக்கம் மட்டும் அடைப்பு என்றால், களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புப் பக்கமாகத் திரும்பி வந்து, 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி வழியாக, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையால் அம்பாறைப் பக்கம் போகலாம். நீட்டு வழி, கடைகள் குறைவு, பகலில் மட்டும் போங்கள். மழைக்காலத்தில் இதை நம்ப வேண்டாம். நாவிதன்வெளிப் பக்கம் கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீர் ஏறிவிட்டால் உள்ளூர் உழவு இயந்திரமே நிற்கும். வீதிக்கு மேல் தண்ணீர் ஓடுவதைக் கண்டால், முன்னால் ஒருவர் கடந்தாலும் நீங்கள் இறங்காதீர்கள். பக்கத்து ஊரில் பாடசாலையோ கோயிலோ பள்ளிவாசலோ எதுவோ, அங்கே போய் நிலைமையைச் சொல்லுங்கள். இராத் தங்க இடமும் ஒரு வாய் சோறும் கிடைக்கும்.